பீட்டாக்காரரின் இரண்டாம் கண்

பீட்டாக்காரர் அன்று காலை பல் துலக்கிக்கொண்டே ஒரு சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் சரியாக வெளியே வரவில்லை.

"என்னங்க, பேஸ்ட் தீந்துபோச்சா?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"சபதம்!" என்றார் வாயைக் கொப்பளித்துவிட்டு.

"அதுவா? நான் என்னவோன்னு பயந்துட்டேன்."

சபதம் இதுதான். தான் சோதித்துவரும் மென்பொருளின் இறுதிப் பதிப்பு வெளிவருவதற்குள், தான் கண்டுபிடித்த ஒரு பிழையையாவது 'உறுதி செய்யப்பட்டது' என்று ஊர் ஒப்புக்கொள்ளும்படி செய்வது. ஒன்றே ஒன்று போதும். அதற்குமேல் அவருக்கு வாழ்க்கையில் ஆசையே கிடையாது.

அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். பகலெல்லாம் அடுத்தவர்கள் நிரப்பிய விண்ணப்பங்களில் குற்றம் கண்டுபிடிப்பார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஒரு மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பார். கடிதம் எழுத, கணக்குப் போட, அட்டவணை தயாரிக்க என்று எல்லாவற்றுக்கும் உதவும் இலவச ஆபீஸ் மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம். இறுதிப் பதிப்புக்கு முன்னால் அரைவேக்காட்டில் ஒன்றை வெளியிடுவார்கள். அதுதான் பீட்டா. தன்னார்வலர்கள் அதை ஓட்டிப் பார்த்து, எங்கெங்கே உதைக்கிறது என்று இணையதளத்தில் எழுத வேண்டும். உருளைக்கிழங்கில் ஒரு துண்டு வேகாமல் இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனிதர், மென்பொருள் மட்டும் அரைவேக்காடாக இருந்தால் பரவசமாகிவிடுவார். அதைப் பார்த்துத்தான் அவருடைய மச்சான் அந்தப் பெயரை வைத்தான். பெயர் தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது.

ஆனால் அவர் எழுதிய பிழைகளுக்கெல்லாம் ஒரே பதில்தான் வரும். 'எங்கள் கணினியில் அப்படி நடக்கவில்லை.' கதவு சாத்தப்படும். ஒருமுறை, 'பிழை உங்கள் கணினியில் இருக்கலாம்' என்று வந்தது. இன்னொரு முறை, 'பிழை உங்களிடம் இருக்கலாம்' என்றே வந்துவிட்டது. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த முறை மாட்டியது அசல் பிழை. ஒரு பக்கத்துக்கு மேல் நீளும் அட்டவணையை அச்சிட்டால், முதல் பக்கத்தின் கடைசி வரிசை இரண்டாம் பக்கத்தின் தலையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. 'பிழைவேட்டை' என்ற தன் புனைபெயரில் அதை எழுதிப் போட்டார். ஆனால் விதி கறாரானது. இன்னொருவர், இன்னொரு கணினியில், அதே பிழையைக் கண்டால்தான் உறுதி செய்வார்கள். இன்னொரு கணினி படுக்கையறையில் இருந்தது. மனைவியின் லேப்டாப்.

"உன் லேப்டாப்ல ஒரு சின்ன சோதனை..."

"வேணாம்."

"முழுசா கேளேன்."

"முழுசா கேட்டாலும் வேணாம். லேப் டூட்டி சார்ட் எல்லாம் அதுலதான் இருக்கு. போன தடவை நீங்க சின்ன சோதனை பண்ணி என் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா மாறிப்போச்சு."

"அது எழுத்துருவோட பிரச்சினை."

"எனக்கு அது உங்களோட பிரச்சினை."

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மேற்பார்வையாளர். ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்த்தவளுக்குப் புருஷனின் ரத்தக் கொதிப்பு ஒரு பொருட்டே இல்லை.

நேர்வழி அடைத்துக்கொண்டதால் பீட்டாக்காரர் குறுக்குவழியில் இறங்கினார். அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து லேப்டாப்பைத் திறந்து பீட்டாவை ஏற்றத் தொடங்கினார். நீலப் பட்டை நகர்ந்தது. பாதியில் நின்றது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பட்டை நகரவில்லை. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவருடைய உயிர் தொண்டைக்கு வந்ததும்தான் பட்டை மனமிரங்கி முடிந்தது. பீட்டாவைத் திறக்கும் குறிப்படம் பழையதைப் போலவே திரையில் தெரியும்படி மாற்றிவிட்டு லேப்டாப்பை மூடினார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"சும்மா... உன்னைப் பாக்கலாம்னு."

அவள் ஈரக் கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

அவள் வெளியே கிளம்பியதும் தானே அந்த லேப்டாப்பில் அச்சிட்டு, வேறொரு பெயரில் உறுதி செய்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் அவள் லேப்டாப்பையும் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். தினமும் போனாள். பழையதென்று நினைத்து அந்தப் படத்தையே சொடுக்கி வேலை செய்தாள். எதையும் கண்டுகொள்ளவில்லை. பீட்டாக்காரர் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஒரு மாலை அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "இன்னைக்கு லேப்ல ரெண்டு பேருக்கு டூட்டி சார்ட்டை வெச்சு ஒரே சண்டை. யாரு தப்புன்னே புரியல."

"ம்... மனுஷங்கன்னா சண்டை வரத்தான் செய்யும்" என்றார் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் கொஞ்ச நேரம் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

மறுநாள் அதிசயம் நடந்தது. அவருடைய பிழைக்கு அடியில் ஒரு பதில்.

'பிழைவேட்டை அவர்களே, உங்கள் பிழையை என் கணினியிலும் கண்டேன். இரண்டு முறை அச்சிட்டேன். இரண்டு முறையும் வந்தது. நீங்கள் சொன்னது சரி. இப்படிக்கு, இரண்டாம் கண்.'

'நீங்கள் சொன்னது சரி.' கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியம் அவர் காதில் விழுந்ததில்லை. நாற்காலியை விட்டு எழுந்து சமையலறைக்கு ஓடினார்.

"உறுதி பண்ணிட்டாங்க! ஒரு பெரிய நிபுணர்!"

"அப்படியா? பெரியவரா? வயசு என்ன இருக்கும்?"

"அம்பதுக்கு மேல. எழுத்தைப் பார்த்தாலே தெரியுது. தாடிகூட இருக்கும்."

அவள் தன் முகவாயைத் தடவிக்கொண்டாள். "இருக்கும், இருக்கும்" என்றாள்.

ஆனால் மென்பொருளை எழுதும் நிரலர்கள் லேசில் மசியவில்லை. இன்னும் சோதனைத் தரவு வேண்டும், இல்லாவிட்டால் இறுதிப் பதிப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பீட்டாக்காரர் இரண்டாம் கண்ணுக்குத் தனிச்செய்தி அனுப்பி யோசனை கேட்டார். பதில் உடனே வந்தது.

'பொய்யான தரவைப் போட்டால் மதிக்கமாட்டார்கள். உண்மையான வீட்டு அட்டவணை ஒன்றைத் தயாரியுங்கள். உதாரணமாக, வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பொருள்கள். இரண்டு பக்கம் தேறுமா?'

தேறியது. மூன்றாம் பக்கத்தையும் எட்டிப் பார்த்தது.

'நன்று. இனி 'சரிசெய்தாயிற்று' என்று ஒரு நெடுவரிசையைச் சேருங்கள். ஒவ்வொன்றையும் உண்மையிலேயே சரிசெய்த பிறகு மட்டும் குறியிட்டு, மறுபடி அச்சிட்டுப் பாருங்கள்.'

அந்த ஞாயிற்றுக்கிழமை பீட்டாக்காரர் குழாயின் கீழே மல்லாந்து படுத்திருந்தார். மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னங்க, நான் ஒரு வருஷமா சொன்ன குழாயை இன்னைக்குக் கழட்டிட்டீங்க?"

"இது உனக்குப் புரியாது. சோதனைத் தரவு."

"ஓ, தரவா? அப்ப அந்தக் குளியலறைத் தாழ்ப்பாள்?"

"அது அடுத்த வரிசை."

"பீரோ கதவு?"

"ரெண்டாம் பக்கம். அவசரப்படாதே."

"நான் எதுக்கு அவசரப்படறேன்? தரவு பதமா வரட்டும்" என்று சொல்லிவிட்டுச் சூடாக ஒரு டம்ளர் தேநீரைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

எதிர்வீட்டில் வண்டியோட்டச் சொல்லித்தருகிற மனிதர் ஒருவர் இருந்தார். பீட்டாக்காரர் ஏணி மேல் நின்று வாசல் விளக்கை மாட்டுவதைப் பார்த்துத் தன் வண்டியையே நிறுத்திவிட்டார்.

"என்ன சார், வீட்டை விக்கப் போறீங்களா?"

"மென்பொருள் சோதனை பண்றேன் சார்."

அந்த மனிதர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் கண் அத்தோடு விடவில்லை. 'சோதகரின் கண் களைத்திருந்தால் பார்த்ததையே மறுபடி பார்த்ததாகத் தோன்றும். மாலையில் கணினியை மூடிவிட்டு நன்றாக நடந்துவிட்டு வாருங்கள். பேச்சுத் துணைக்கு யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள்' என்று எழுதியது. மனைவி சொல்லி இதைச் செய்திருந்தால் அவருடைய கௌரவம் என்ன ஆவது? நிபுணர் சொன்னால் கதையே வேறு.

"வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்."

"நானா? எனக்கு வேலை கிடக்கே."

"சோதனைக்கு ஒரு ஆள் வேணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சலகம் வரை நடந்தார்கள். பூங்காவைச் சுற்றினார்கள். வழியெல்லாம் அவர் இரண்டாம் கண் புராணமே பாடினார். அவள் அலுக்காமல் கேட்டுக்கொண்டு வந்தாள். தெரு திரும்பும்போது அவர் தன்னையறியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விடவும் மறந்துவிட்டார்.

"அந்த மனுஷனோட மனைவி கொடுத்து வெச்சவ" என்றார்.

"அவருக்குக் கல்யாணம் ஆச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இவ்வளவு பொறுமை இருக்கு. கல்யாணம் ஆகாமலா வந்திருக்கும்?"

"அதுவும் சரிதான்" என்றாள்.

நட்பு முற்றிப்போய் ஒருநாள் அவர் மனம்விட்டு எழுதினார்: 'ஐயா, என் மனைவி நல்லவள். ஆனால் இந்தத் தொழில்நுட்பமெல்லாம் அவளுக்குப் புரியாது.'

'அப்படிப்பட்டவர்களும் உண்டு. தினமும் பாத்திரம் துலக்கிக் கொடுத்துப் பாருங்கள். மெதுவாகப் புரிந்துகொள்வார்கள்.'

துலக்கிக் கொடுத்தார்.

முழு அட்டவணையையும் நிரலர்களுக்கு அனுப்பினார். சில நாளில் அடுத்த பீட்டா வந்தது. அட்டவணையை அச்சிட்டார். கடைசி வரிசை தன் இடத்திலேயே நின்றது. அடுத்த பக்கத்துக்கு வரவில்லை. அவருடைய பிழை சரிசெய்யப்பட்டுவிட்டது! கண் கலங்கியது. மனைவி படுக்கையறையில் ஹெட்போனை மாட்டாமலே லேப் கூட்டம் ஒன்றை அப்போதுதான் லேப்டாப்பில் கேட்டு முடித்திருந்தாள். அவளிடம் சொல்வதற்கு முன் இரண்டாம் கண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. 'ஐயா, வென்றுவிட்டோம்!' என்று தட்டி அனுப்பினார்.

படுக்கையறையில் 'டிங்' என்றது.

பீட்டாக்காரரின் விரல்கள் அப்படியே நின்றன. ஒருமுறை நடந்ததை வைத்து எந்தச் சோதகரும் முடிவு கட்டமாட்டார். ஒரு புள்ளியை மட்டும் அனுப்பினார். டிங். ஒரு காற்புள்ளி. டிங். அவருடைய சோதனை வாழ்க்கையில் இவ்வளவு பிசகாமல் திரும்பத் திரும்ப வந்த பிழை வேறில்லை.

டூட்டி சார்ட் சண்டை நினைவுக்கு வந்தது. முதல் பக்கத்தின் கடைசிப் பெயர் இரண்டாம் பக்கத்திலும் வந்திருக்கும், சண்டை வந்திருக்கும், அவள் மூலத்தைத் தேடியிருப்பாள். ரத்தத் துளியிலேயே மூலத்தைத் தேடுகிறவள் ஆயிற்றே. தேடி, திருட்டுத்தனமாக ஏறிய பீட்டாவைக் கண்டு, இணையதளம் வரை போய், யாரும் சீண்டாமல் கிடந்த அவருடைய பிழையையும் கண்டிருக்கிறாள். அவரைப் பிடித்து உலுக்குவதற்குப் பதிலாக, 'நீங்கள் சொன்னது சரி' என்று எழுதியிருக்கிறாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. 'அவளுக்குப் புரியாது' என்று அவளிடமே எழுதியது நினைவுக்கு வந்ததும் காது சூடாகியது. ஆனால் வெட்கத்தையும் மீறி மனசு நிறைந்திருந்தது. ஊரே கதவைச் சாத்தியபோது நம்பிய ஒரே ஜீவன் பக்கத்து அறையில்தான் இருந்திருக்கிறது. எழுந்து போய்ச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அப்படிப் பேசிப் பழகாத வாய் வரமாட்டேன் என்றது. விரல்தான் வந்தது.

'ஐயா, ஒரு சந்தேகம். பிழை உண்மையிலேயே வந்ததா? அல்லது என்மேல் பரிதாபப்பட்டு உறுதி செய்தீர்களா?'

உள்ளே தட்டச்சு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

'பரிதாபப்பட்டது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே பிழை வந்துவிட்டது. உங்களுக்குக் கூர்மையான கண் ஐயா. பக்கத்தில் இருப்பதுதான் சில சமயம் தெரிவதில்லை.'

'இனி தெரியும் ஐயா. என் மனைவியைப் பற்றி முன்பு எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவள் இல்லாவிட்டால் நான் ஒருநாள்கூட ஓடமாட்டேன்.'

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒருமுறை கேட்டது.

இந்த இடத்தில் பீட்டாக்காரருக்குள் இருந்த பழைய குறும்பு தலைதூக்கியது. இத்தனை வாரம் தன்னை ஆட்டிவைத்தவளை ஒரே ஒரு தடவையாவது திணறடிக்காவிட்டால் அவர் என்ன சோதகர்? எந்தப் பதில் சொன்னாலும் அவள் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒன்றை யோசித்துத் தட்டினார்.

'உங்களை நேரில் சந்தித்து நன்றி சொல்ல வேண்டும். முகவரி கொடுங்கள். இப்போதே கிளம்பி வருகிறேன்.'

டிங்.

வெகுநேரம் எதுவும் வரவில்லை. பீட்டாக்காரர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டினார். மாட்டினாள், வசமாக மாட்டினாள். முதல்முறையாக இந்த வீட்டில் அவர் கை ஓங்கியிருக்கிறது!

திரையில் பதில் வந்து விழுந்தது.

'தாராளமாக வாருங்கள். வரும் வழியில் மொட்டை மாடிக்குப் போய்த் துணியெல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள், தூறல் போடுகிறது.'