ஏழு மணி அலைவரிசை

மனைவி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது, நூலகருக்குக் கையிலிருந்த ரேடியோவை ஒளித்து வைக்க இரண்டே இடங்கள்தான் இருந்தன. ஒன்று சட்டைக்குள், இன்னொன்று சோபா மெத்தைக்கு அடியில். சட்டைக்குள் வைத்தால் வயிற்றில் ஆன்டெனா முளைத்தது போல் தெரியும். ஆகவே மெத்தையைத் தூக்கி, ரேடியோவை உள்ளே செருகி, மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"படிச்சுக்கிட்டு இருந்தேன்."

"படிச்சா வேர்க்குமா?"

"கஷ்டமான பாடம்."

பாதி உண்மைதான். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறினால் வீட்டில் உட்கார்ந்தபடியே முன்பின் தெரியாத மனிதர்களோடு ரேடியோவில் பேசலாம். தேறாமல் பேசினால் குற்றம். காதால் கேட்பதற்கு மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டாம் என்று ரேடியோ சங்கத்தின் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கேட்க மட்டும்தானே என்று மனசாட்சியைச் சமாதானம் செய்துவிட்டு, கையடக்கமான செட் ஒன்றை நூலகர் வாங்கிவிட்டார்.

சமாதானம் ஆகாதவள் மனைவி. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்த வீட்டின் சாமான் அறையில் தூசி படிந்த ஒரு தொலைநோக்கி, ஒரு நரம்பு மட்டும் மிச்சமிருக்கும் கிட்டார், துண்டு காயப்போடப் பயன்படும் ஓட்டப்பயிற்சி இயந்திரம் எல்லாம் குடியிருந்தன. எல்லாமே நூலகரின் ஆரம்ப சூரத்தனங்கள்.

"லைசென்ஸுக்கு முன்னாடி வண்டி வாங்கினவங்க யாரும் ஒழுங்கா ஓட்டி நான் பார்த்ததில்ல" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். "முதல்ல பாஸ் பண்ணுங்க. செட்டை நானே வாங்கித் தர்றேன். அதுக்குள்ள ஒரு ஒயர் கண்ணுல பட்டாலும் சரி, எல்லாத்தையும் சேர்த்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுடுவேன்."

ஆகவே நூலகர் மெத்தையை விட்டு அசையவில்லை. அவர் அசையாததைப் பார்த்து மனைவிக்கு மனசு இளகியது. மனுஷன் இந்த முறை நிஜமாகவே படிக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"புத்தகத்தைக் குடுங்க. நான் கேள்வி கேக்கறேன்."

"வேண்டாம், நீ களைச்சுப்போய் வந்திருக்கே."

"குடுங்கன்னா."

அவள் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினாள். சாலையில் பத்து வண்டிகளின் சத்தத்தைத் தாண்டி 'பிரேக்!' என்று கத்திப் பழகிய குரல் அவளுடையது. வீட்டுக்குள்ளும் அதற்குத் தாழத் தெரியாது.

"ஆன்டெனாவும் செட்டும் ஒத்துப்போகலன்னா என்ன ஆகும்?"

"பேச்சு சரியா கேக்காது."

"தப்பு. கிளட்ச்சை அரைகுறையா விட்டா என்ன ஆகும்?"

"வண்டி துள்ளும்."

"ஏன்?"

"இன்ஜினோட சக்தி சக்கரத்துக்கு ஒழுங்காப் போய்ச் சேரல."

"அதேதான் இதுவும். சக்தி ஆன்டெனாவுக்குப் போகாம செட்டுக்கே திரும்பி வந்து அதைப் பொசுக்கிடும்."

நூலகர் வாயைப் பிளந்தார். மூன்று வகுப்புகளில் ஏறாத விஷயம் மூன்றே வரியில் ஏறிவிட்டது. "எங்க சங்கச் செயலாளர் இதையே மணிக்கணக்கா நடத்தினார். அவர் பாடம் எடுத்தா ஆன்டெனாவே கொட்டாவி விடும்" என்று மனம்விட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்குப் பாடம். அதே நாற்காலி, அதே சோபா, அதே மெத்தை. ரேடியோவை வேறு இடத்துக்கு மாற்ற வழியில்லை. அந்த வீட்டில் அவள் பெருக்காத மூலை கிடையாது. சோபாவில் அவர் உட்காருகிற இடத்தை மட்டும்தான் அவர் எழுந்திருக்காததால் விட்டு வைத்திருந்தாள்.

இதில் ஒரு புதுச் சங்கடம். பாடம் முடிந்த கையோடு கேட்கலாம் என்று முழுக்க சார்ஜ் ஏற்றி, அணைக்காமல் வைத்தாலும், எடுத்துப் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. மெத்தை வேறு சுட்டது.

"ஒரே இடத்துல அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு உக்காந்தா சுடத்தான் செய்யும்" என்றாள் மனைவி.

நூலகர் கடைக்கு ஓடினார்.

"கேக்க மட்டும்தான்னா இந்த பேட்டரி ரெண்டு நாள் தாங்குமே" என்றார் கடைக்காரர். "பேசுறீங்களா?"

"ஐயையோ, எனக்கு லைசென்ஸே இல்ல."

"அப்ப பேட்டரி மட்டமா இருக்கும். பெரிசாப் போட்டுக்குங்க. வேற ஏதாவது குறை?"

"ஏழு மணிக்கு மேலதான் சங்கத்து ஆளுங்க பேசுவாங்கன்னு சொன்னாங்க. நான் சார்ஜர்ல போட்டுக் காதுல வைக்கறப்போ, 'சரி, நாளைக்குப் பார்ப்போம்'னு ஒரு குரல். அவ்வளவுதான். அப்புறம் நிசப்தம்."

"உங்க செட்டுக்கு எட்டல. நீளமான ஆன்டெனா போடுங்க. ஊரைத் தாண்டிப் பிடிக்கும்."

நூலகர் இரண்டையும் வாங்கினார். ஆன்டெனாக் கம்பியை சோபாவுக்குப் பின்னால் ஏற்றி, திரைச்சீலையின் மடிப்புக்குள் மறைத்து, அதன் கம்பியோடு கட்டிவிட்டார். இப்போது பேட்டரி பாடம் முடியும்வரை சாகாமல் நின்றது. நிசப்தம் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு மாலை அவர் வரிசையாக ஆறு கேள்விகளுக்குத் தப்பாகப் பதில் சொன்னார். மனைவி புத்தகத்தை மூடினாள்.

"எதுக்குங்க இந்த வயசுல இவ்வளவு பாடு?"

நூலகர் சொன்னார். "நாள் பூரா அந்த வாசிப்பறையில நான் பேசுற ஒரே வார்த்தை 'உஷ்'. யாராவது என்கிட்ட ஏதாவது கேட்டாக்கூட அதையும் கிசுகிசுன்னுதான் கேக்கறாங்க. என் குரல் எப்படியிருக்கும்னு எனக்கே மறந்துபோச்சு. முகம் தெரியாத ஒருத்தர், எங்கேயோ உக்காந்துக்கிட்டு, 'கேக்குது, சொல்லுங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் தினம் கேக்கறேனே?"

"நீ கேள்வி கேக்கறே. அது வேற."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் புத்தகத்தை மறுபடி திறந்தாள். "அந்த ஆறையும் திரும்பச் சொல்லுங்க. இந்தத் தடவை உங்களை விடமாட்டேன்."

அடுத்த வகுப்பில் சங்கச் செயலாளர் மேசையைத் தட்டினார்.

"நம்ம அலைவரிசையில தினம் ஏழு மணிக்கு ஒருத்தர் வந்து உக்காந்துக்கறார். எழுந்திரிக்கவே மாட்டேங்கிறார். ரெண்டு நாளா ரொம்ப பலமா வேற கேக்குது. யார்னு கண்டுபிடிக்காம விடப்போறதில்ல."

வகுப்பில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நூலகருக்கு ரத்தம் கொதித்தது. சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! எழுந்து நின்று, பழக்க தோஷத்தில் வழக்கமான கிசுகிசுப்பில் சொன்னார்: "விடாதீங்க சார். அந்த ஆளுக்கு இந்த ஜென்மத்துல லைசென்ஸ் குடுக்கக் கூடாது."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார்" என்று பதறினார் பக்கத்தில் இருந்த பிளம்பர்.

தண்ணீரோடே பழகி இளகிய மனசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் நூலகர்.

அன்று மாலை, "எர்த் எதுக்குப் போடறோம்?" என்று மனைவி கேட்டுக்கொண்டிருந்தபோதே உள்ளே போன் அடித்தது. அவள் எழுந்து போனாள். பேட்டரி இன்றும் சுடுகிறதா பார்ப்போம் என்று நூலகர் லேசாக நகர்ந்து மெத்தையின் ஓரத்தைத் தூக்கினார்.

உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சிவப்பு எரிந்தால் செட் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் ஒருநாளும் தப்பாகப் பதில் சொன்னதில்லை. செட்டின் பக்கவாட்டில் தடித்த பொத்தான் ஒன்று இருக்கும். அமுக்கினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். மெத்தையும் அவருமாகச் சேர்ந்து அதை இத்தனை நாளும் அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஏழு மணி ஆள் அவரேதான்.

கொட்டாவி விடும் ஆன்டெனா நினைவுக்கு வந்தது. பாடத்துக்கு நடுவே மேலதிகாரியின் பொய்முடியைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. தன் குறட்டையைப் பற்றி மனைவி விலாவாரியாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, இந்த ஜென்மத்தில் லைசென்ஸ் கொடுக்கக் கூடாது என்று காலையில் அவரே கொடுத்த தீர்ப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது வாய் மட்டும்தான். இவருக்கு நீளமான ஆன்டெனாவும் பெரிய பேட்டரியும் இருந்தன.

"ம், சொல்லுங்க" என்றபடி மனைவி திரும்பி வந்தாள். "எர்த் எதுக்கு?"

அவசரமாக மெத்தையை அமுக்கிய நூலகர், அமுக்கியதே வினை என்று புரிந்து துள்ளி எழுந்து, உதட்டில் விரலை வைத்தார்.

"உஷ்!"

வீட்டில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"என்னையா உஷ்ங்கறீங்க?"

"இனிமே... இனிமே நானே படிச்சுக்கறேன்" என்றார் கிசுகிசுப்பாக.

அவள் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். ரேடியோ மறுநாளே அவருடைய அலுவலக அலமாரிக்குப் போய்விட்டது. ஆனால் வீடு வாசிப்பறை போலாகிவிட்டது. 'சாப்பாடு ஆச்சு' என்பதற்குக்கூட அவள் தட்டை நகர்த்திக் காட்டினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். சொல்லாததால் சண்டையே இல்லை, அதுதான் அவரைக் கொன்றது.

வகுப்பில் குரலை யாராவது அடையாளம் கண்டுவிட்டால்? கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டதாகச் சைகை காட்டினார். உடனே பிளம்பர் வீட்டிலிருந்து உப்புப் போட்ட வெந்நீர் வந்தது. கூடப் படிக்கும் பேக்கரிக்கார அம்மா மிளகும் தேனும் கொண்டுவந்தார். இருவரும் எதிரே நின்று, அவர் கொப்பளித்து விழுங்குகிறவரை போகவில்லை. இல்லாத நோய்க்கு மருந்து குடித்துக் குடித்து அவருக்கு நிஜமாகவே தொண்டை வலித்தது.

"ஏழு மணி ஆள் திடீர்னு நின்னுட்டார்" என்று செயலாளர் முகம் வாடி நின்றார். "தடம் தெரியாமப் போச்சு."

வேட்டைக்காரனின் ஏமாற்றம் என்று நூலகர் புரிந்துகொண்டார்.

தேர்வு நாள் வந்தது. மனைவி அவரைத் தன் பயிற்சிக் காரிலேயே கொண்டுபோய் விட்டாள். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும் அவர் சட்டைப் பையில் ஒரு பேனாவைச் செருகினாள்.

கேள்வித்தாளைப் பிரித்ததும் நூலகருக்கு எழுத்துகள் மறைந்து அவள் குரல்தான் கேட்டது. கிளட்ச், பிரேக், ஹாரன், சக்கரம். பேனா நிற்கவே இல்லை. எர்த் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் தடுமாறினார்.

பிற்பகலில் தாழ்வாரத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். செயலாளர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வெளியே வந்தார்.

"சங்கம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து இப்படி நடந்ததில்ல. இந்த வகுப்புல எல்லாரும் பாஸ்! எப்படின்னுதான் எனக்கே புரியல. நான் நடத்தினதுதானே..."

ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு லைசென்ஸ் வாங்கினார்கள். நூலகரின் முறை வந்தது. காகிதம் அவர் விரலைத் தொடுகிற நேரத்தில் படிக்கட்டின் கீழேயிருந்து ஒரு குரல், பத்து வண்டிகளின் சத்தத்தைத் தாண்டி வந்து சேர்ந்தது.

"என்னங்க! பாஸா, பெயிலா?"

தாழ்வாரம் அப்படியே உறைந்தது. பேக்கரி அம்மாவின் கைப்பை கீழே விழுந்தது.

"கிளட்ச் டீச்சர்!" என்றார் பிளம்பர்.

மேலே வந்து நின்ற மனைவி சுற்றிலும் பார்த்தாள். "உங்களுக்கு என்னை எப்படித் தெரியும்?"

இனி ஒளிக்க மெத்தை இல்லை. நூலகர் மப்ளரைக் கழற்றினார். வாசிப்பறையில் யாரும் கேட்டிராத தன் முழுக் குரலில் ஆரம்பித்தார்.

"நான்தான் சார் அந்த ஏழு மணி ஆள். செட்டை முன்கூட்டியே வாங்கிட்டேன். இவளுக்குத் தெரியாம மெத்தைக்கு அடியில வெச்சு, அது மேலேயே உக்காந்துட்டேன். வேணும்னு பேசல. லைசென்ஸை நீங்களே வெச்சுக்குங்க."

"அதனாலதான் என்னை உஷ்னீங்களா?" என்றாள் மனைவி. கோபப்பட வேண்டியவள், பல நாள் பாரம் இறங்கியவள் போல மூச்சு விட்டாள்.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஆன்டெனா கொட்டாவி விடும்னு சொன்னது?"

"நான்தான் சார்."

"உண்மைதான்யா. என் பேத்தியும் அதையேதான் சொல்றா." காகிதத்தை அவர் கையில் அழுத்தினார். "பொத்தான் மாட்டிக்கறது இங்க எல்லாருக்கும் ஒரு தடவை நடந்ததுதான். நான் தேடினது புடிச்சுக் குடுக்க இல்ல. அந்த டீச்சரை வகுப்பெடுக்கக் கூப்பிடறதுக்கு. தினம் கூப்பிட்டேன். பொத்தான் அமுங்கியிருந்தா உங்களுக்கு எங்கே கேக்கும்?"

நூலகர் திகைத்துப்போய் மற்றவர்களைப் பார்த்தார். "அப்ப நீங்களும்... நீங்க எல்லாருமா அதைக் கேட்டீங்க?"

பிளம்பர் தன் பைக்குள் கையை விட்டு, அச்சு அசலாக அதே மாதிரி ஒரு செட்டை வெளியே எடுத்தார். பேக்கரி அம்மாவும் எடுத்தார். தாழ்வாரம் முழுக்கப் பைகள் திறந்தன.

"'கேக்குது, சொல்லுங்க'ன்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னீங்களே, அன்னிக்கே நாங்க அத்தனை பேரும் கேட்டுக்கிட்டுத்தான் சார் இருந்தோம்" என்றார் பிளம்பர். "பதில் சொல்லத்தான் எங்க யாருக்கும் லைசென்ஸ் இல்ல!"