பூதலிங்கம் பார்த்தது

வெள்ளித்திரையில் தன் முகம் வந்ததும் பூதலிங்கம் பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த காட்சி வந்ததும் நாற்காலிக்கு அடியில் இடம் இருக்குமா என்று பார்த்தார்.

முதலில் வந்தது அவருடைய முகம்தான். திரை கொள்ளாத பெரிய முகம். கண்கள் விரிந்து, வாய் லேசாகத் திறந்து, தொண்டையில் ஒரு விழுங்கல். அதை அடுத்து வந்தது ஒரு குளத்துப் படித்துறை. அங்கே கதாநாயகி ஈரப் புடவையோடு கூந்தலை உதறிக்கொண்டிருந்தாள். மறுபடியும் பூதலிங்கம். மறுபடியும் ஒரு விழுங்கல்.

தரை டிக்கெட் பக்கத்திலிருந்து விசில் பறந்தது. "எடா கள்ளா!" என்று யாரோ மலையாளத்தில் வாழ்த்தினார்கள்.

பெண்கள் பகுதியில் உலகம்மை எழுந்து நின்றாள். அவளுக்கு ஒரு பக்கம் அடுத்த வீட்டு லீலாபாய், மறுபக்கம் தெருவில் பாதி. "நான் படத்துல வாறேன், எல்லாரும் வந்து பாருங்க" என்று கரமனை முழுக்கச் சொல்லி, அத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு வந்தவர் பூதலிங்கமேதான்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து சர்க்கார் ஆபீஸ் கணக்கராகத் திருவனந்தபுரத்துக்கு வந்தவர். வந்த நாள் முதல் பெயரில் ஒரு தூசு விழுந்ததில்லை. இன்றைக்கு விழுந்தது தூசு இல்லை, ஒரு குளம்.

வீடு வரைக்கும் உலகம்மை பத்தடி முன்னால் நடந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டாள்.

"என்னத்தைப் பாத்துட்டு நின்னிய?"

"வடையை."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"வடையையா?"

"உளுந்த வடைட்டி. பழவங்காடியில கோயிலுக்குப் போற வழியில சரசம்மா கடை இருக்குல்லா, அங்க. நம்ம ஊருக்காரப் பய ஞானையன் தெருவுல படம் பிடிச்சிட்டு நின்னான். 'அண்ணாச்சி, சும்மா நில்லுங்க, காமிராவை மட்டும் பாக்காதீங்க'ன்னான். எதுத்தாப்புல கண்ணாடி அலமாரியில வடை அடுக்கி வச்சிருந்தது. அதைப் பாத்துட்டு நின்னேன். குளத்தை எல்லாம் அவன் பொறவு கொண்டுவந்து ஒட்டியிருக்கான்."

உலகம்மை தலையை ஆட்டினாள். கோபம் தணிகிறது என்று பூதலிங்கம் நினைத்தார்.

"இருவது வருசமா நானும் வடை சுடுதேன். என்னைக்காவது என் வடையை அப்பிடிப் பாத்ததுண்டா?"

குளத்துக்காரி மட்டும் இருந்த வழக்கில் இப்போது சரசம்மாவின் வடையும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் உலகம்மை ஒரு தட்டு நிறைய வடை சுட்டு அவர் முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்து கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"பாருங்க."

பார்த்தார். கண்ணை விரித்தார். வாயைக் கொஞ்சம் திறந்தார். வராத விழுங்கலையும் வரவழைத்து விழுங்கினார்.

"இது ஆபீஸ் பைலைப் பாக்குத மூஞ்சி" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மானத்தோடு வடையும் போயிற்று.

அன்றைக்கே பூதலிங்கம் ஞானையனைத் தேடிப் போனார். கொட்டகையில் படம் ஓட்டும் அறையில் அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். படத்துக்குக் கூட்டம் இல்லை. ஊரில் ஓடுவது ஒரே ஒரு பிரதி, அதற்கும் பாதி நாற்காலி காலி.

"லே ஞானையா, என் முகத்தை என்னலே பண்ணினே?"

"அண்ணாச்சி, உங்க முகத்துல நான் கையே வைக்கல்ல. அது எப்பேர்ப்பட்ட முகம் தெரியுமா? ஒண்ணுமே எழுதாத சிலேட்டு! பக்கத்துல குளத்தை வச்சா ஆசை. தொட்டில்பிள்ளையை வச்சாப் பாசம். பாம்பை வச்சா பயம். ஜனங்க எல்லாத்தையும் முகத்துல தேடுவாங்க. ஆனா விசயம் இருக்கது அடுத்து ஒட்டுத பிலிம் துண்டுல."

"அந்தத் துண்டு எனக்கு வேண்டாம். கௌரவமா வேற ஒரு துண்டைப் போடு."

ஞானையன் நல்லவன். அந்தப் படத்தில் பூதலிங்கத்தின் முகம் ஒன்றுதான் ஜனங்களை அசைத்தது என்பதும் அவனுக்குத் தெரியும். கத்திரியை எடுத்துக் குளத்தை வெட்டினான். மிச்சம் கிடந்த பிலிம் சுருளில் துழாவி நகைக்கடைக் கண்ணாடி ஒன்றை எடுத்துப் பசை தடவி ஒட்டினான். கண்ணாடிக்குள் ஓர் அட்டிகை தொங்கியது.

"பாருங்க அண்ணாச்சி. பொண்டாட்டிக்கு நகை எடுக்க வந்து நிக்கிற யோக்கியன்."

பூதலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தின் அடுத்த காட்சியில் அந்த அட்டிகை களவு போகும் என்பது படம் எடுத்தவனுக்கே அப்போது நினைவில்லை.

மறுநாள் ஆபீஸில் சூப்பரண்டு நாகேஸ்வரன் அவரைக் கூப்பிட்டார். கோட்டைக்குள் அக்ரகாரத்தில் குடியிருக்கிறவர், சினிமா விடாமல் பார்க்கிறவர்.

"ஓய் பிள்ளைவாள், நேத்திக்குப் படம் பார்த்தேன். அட்டிகையை எடுத்தது நீர்தானே?"

"ஐயையோ, நான் எடுக்கல்ல சார். நான் பாத்தது வடையை."

"வடையைப் பார்க்கற மூஞ்சியா ஓய் அது? அந்தக் கண்ணும் அந்த முழுங்கலும்! கதவை எப்படித் திறக்கலாம்னு கணக்குப் போடற மூஞ்சின்னா அது!"

சொல்லிக்கொண்டே மேஜை மேலிருந்த தன் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். மத்தியானம் அவருடைய குடையைக் காணோம் என்று ஒரு சத்தம் கிளம்பியது. ஆபீஸ் முழுவதும் பூதலிங்கத்தின் பக்கம் திரும்பியது. குடை சூப்பரண்டின் முழங்கையிலேயே தொங்கிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அதற்காக யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

மறுபடியும் ஞானையன். மறுபடியும் கத்திரி.

"சாவு வீட்டுத் துண்டு ஒண்ணு கிடக்கு அண்ணாச்சி. இதுல தப்பே வராது. நல்ல மனுசன், பாவம், துக்கத்தை விழுங்கிட்டு நிக்கான். அவ்வளவுதான்."

தப்பு வந்தது. அன்றைய ஆட்டத்தில் பெண்கள் பகுதி முழுவதும் மூக்கைச் சிந்தியது. பாடையில் கிடந்தது ஒரு நடுவயதுப் பெண். லீலாபாய் ஈரக்கண்ணோடு நேரே உலகம்மையிடம் வந்தாள்.

"சேச்சி, மரிச்சுப்போனது ஆரு? சாருக்கு அவ்வளவு வேண்டப்பட்டவளா?"

மறுநாள் உலகம்மை மாட்டினி ஆட்டத்துக்குத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எங்கப்பா செத்த பதினாறுல ரெண்டாவது பாயசம் கேட்ட மனுசன் நீங்க. முன்னபின்ன தெரியாதவளுக்கு இந்த விழுங்கு விழுங்குதியளே!"

"உலகம்மை, அது வடைட்டி..."

"வடையாம் வடை!"

அன்று முதல் வேளாவேளைக்குச் சோறு வந்தது. பேச்சு வரவில்லை. இருபது வருடமாக அவள் பேச்சைக் குறைக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் முறையிட்டுவந்த பூதலிங்கம் இப்போது அந்த வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று தவித்தார். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் பாத்திரம் மட்டும் பதில் சொன்னது.

இதற்கிடையில் படத்துக்குக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. "பிள்ளை இன்னைக்கு எதையாணு நோக்குறது?" என்று கேட்டபடி பார்த்தவர்களே திரும்பவும் வந்தார்கள். ஞானையனுக்குப் புதுத் தெம்பு. ஆனால் பூதலிங்கத்தின் சட்டை தோளில் தொளதொளக்க ஆரம்பித்ததைப் பார்த்ததும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, உங்க வாயாலேயே சொல்லுங்க. அண்ணாச்சி எதைப் பாத்தா உங்களுக்குச் சம்மதம்? யானையா? கோயில் ஆறாட்டா? காயலா?"

உலகம்மை கதவுக்குப் பின்னால் நின்றாள். குரல் மட்டும் வந்தது.

"கெட்டின பொண்டாட்டியைப் பாத்தா என்னவாம்?"

ஞானையன் துள்ளி எழுந்தான். "அப்ப நீங்க நடிச்சிருங்க!"

"சீ! குடும்பத்துல பொறந்தவ சினிமாவுல மூஞ்சி காட்டுவாளா?"

"மூஞ்சி வேண்டாம் அக்கா. முதுகு போதும். பூக்கூடையைத் தூக்கிட்டு எப்பவும் போல கோயிலுக்கு நடந்து போங்க. நான் பின்னால இருந்து எடுத்துக்கிடுதேன்."

கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"முதுகுன்னா... எந்தச் சேலை உடுத்தணும்?"

பழவங்காடியில் காலை வெயில் இறங்கும் நேரத்தில் எடுத்தான். எதிரே சூரியன் இருக்கும்படி அவளை நடக்கவிட்டான். பாட்டு வேண்டாம், வாத்தியம் வேண்டாம், கோயில் மணிச் சத்தம் ஒன்று போதும் என்று முடிவு செய்தான். "குளத்துக்காரிக்குப் பிடில் வச்சேன், அதுதான் நான் பண்ணின தப்பு" என்று பூதலிங்கத்திடம் சொன்னான்.

அந்தத் துண்டு சேர்ந்த முதல் மாட்டினிக்கு உலகம்மை லீலாபாயையும் தெருவில் பாதியையும் மறுபடி அழைத்துக்கொண்டு போனாள்.

திரையில் பூதலிங்கத்தின் முகம் வந்தது. அதே கண், அதே வாய், அதே விழுங்கல். அடுத்து, உருவத்தின் ஓரமெல்லாம் வெயில் விளிம்பு கட்டி மின்ன, ஒரு பெண் கோயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஈரக் கூந்தலின் நுனியில் முடிச்சு, அதில் ஒரு துண்டு பிச்சிப்பூ. அவசரமில்லாத நடை. எங்கோ மணி அடித்தது. மறுபடியும் பூதலிங்கம்.

விசில் பறக்கவில்லை. தரை டிக்கெட்டில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பெண்கள் பகுதியில் ஒரு கிழவி, "அவள் பாக்கியம் செய்தவள்" என்று மலையாளத்தில் சொன்னாள். உலகம்மை அதைக் கேட்டுக் குனிந்துகொண்டாள்.

பூதலிங்கம் நாற்காலியில் அசையவில்லை. திரையில் போகிற அந்த நடையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய புருவம் மெல்லச் சுருங்கியது, ஏதோ கணக்கு உதைக்கிற மாதிரி.

வெளியே வந்ததும் உலகம்மை வழக்கம்போல் பின்னால் வராமல் பக்கத்தில் நடந்தாள்.

"நெசமாவே என்னை இப்பிடித்தான் பாப்பியளா?"

"பின்ன?" என்றார். சொல்லும்போது அவர் கண் எதிர்ப்பக்கத்துத் துணிக்கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தது.

"வாங்க, அந்த வடையையும் ஒரு பார்வை பாத்துருவோம். சரசம்மா கடைக்குப் போவோம்."

"வேண்டாம்ட்டி. அங்க எண்ணெய் அவ்வளவு சரியில்லை."

"பாக்கதுக்கு எண்ணெய் எதுக்கு? வாங்க."

ஏழெட்டு நாளைக்குப் பிறகு அவள் இத்தனை வார்த்தை பேசியிருக்கிறாள். பூதலிங்கத்தால் மறுக்க முடியவில்லை. கால் மட்டும் பின்னுக்கு இழுத்தது.

சரசம்மா வடைச்சட்டிக்கு முன்னால் வேர்த்து விறுவிறுத்து நின்றாள். பூதலிங்கத்தைக் கண்டதும் சிரித்தாள். உலகம்மையை ஏற இறங்கப் பார்த்தாள். வாழையிலைத் துண்டில் வடை வைத்து நீட்டினாள்.

உலகம்மை ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டு பெருந்தன்மையோடு கேட்டாள். "இந்த வடையைத்தான் இவுக வாயைப் பொளந்து பாத்துட்டு நின்னாகளோ?"

"வடையோ?" சரசம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நல்ல கதை! கையில இருந்த வடையைக் காக்கா கொண்டுபோனதுகூட சார் அறியல்ல. கோயிலுக்குப் போயிட்டிருந்த ஒரு அம்மாவோட முதுகையல்லே நோக்கிட்டு நின்னாரு! 'சரசம்மே, ஆரு அது?'ன்னு ரெண்டு தடவை என்கிட்ட கேட்கவும் செஞ்சாரு."

விள்ளல் உலகம்மையின் வாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. பூதலிங்கம் ஓடுவதற்கு வழி பார்த்தார். ஒரு காளைவண்டி மறித்துக்கொண்டு நின்றது. உலகம்மை மெல்லத் திரும்பினாள். முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு சரசம்மாவைப் பார்த்தாள்.

"என்னை எதுக்கம்மா இப்படி நோக்குறீங்க?" என்றாள் சரசம்மா. "சார் ஆபீசுக்குப் போன பின்னாடி, கோயில்ல இருந்து திரும்பி வந்து, என்கிட்ட வெள்ளம் வாங்கிக் குடிச்சிட்டுப் போன அந்த அம்மா நீங்கதானே!"