சங்கு டாக்டருக்குக் கிடைத்த இரண்டு மார்க்

நெய்வேலியில் சுரங்கத்துக்கு இணையாகப் புழுதி கிளப்பியவர் ஒருவர்தான்: சங்கு டாக்டர். ஷிப்டுச் சங்கைவிட அவர் குரல் தூரம் போகும் என்பதால் அந்தப் பெயர். டாக்டருக்கு இப்படி ஒரு பெயர் வைப்பதிலுள்ள ஆபத்து நோயாளிகளுக்குத்தான் புரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மந்தாரக்குப்பம் சாலையில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நானும் நண்பன் சேகரும் பயிற்சி டாக்டர்கள். வயிற்றுவலி என்று வந்த முத்தாண்டிக்குப்பத்து கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு சேகர் மாத்திரை எழுதினான். சங்கு வந்தார்.

"வயித்துல கை வச்சுப் பாத்தியா?"

"கேட்டேன் சார். வலிக்குதுன்னார்."

"கேக்கறதுக்கு அவர் பொண்டாட்டி இருக்காங்க. நீ எதுக்கு?"

சேகர் கை வைத்தான். வயிறு பலகையாக இருந்தது. "நேத்துலேர்ந்து வலிச்சிகினேதாங்க இருக்குது," என்றார் தொழிலாளி. குடலில் ஓட்டை. உடனே ஆபரேஷன் செய்து அவரைச் சங்கு பிழைக்க வைத்தார். சேகர் பிழைத்தான் என்று சொல்ல முடியாது. அந்தத் திட்டு டவுன்ஷிப் வரை கேட்டது.

அப்போது புதிதாக வந்த தலைமை டாக்டர், கற்றுக்கொடுப்பவர்களுக்கு நாங்களே மார்க் போடலாம் என்றார். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்களை வாய் நிறைய "டாக்டர்" என்று கூப்பிட்டு, போண்டா வாங்கித் தந்து, மேட்னி ஷோவுக்கு அனுப்பிவைத்த சிரிப்பு டாக்டருக்குச் சேகர் போட்டது பத்துக்கு ஒன்பது. அவர் ஒரு நோயாளியைத் தொட்டுக் காட்டி நான் பார்த்ததில்லை. சங்குக்கு இரண்டு.

"வாத்தியாருக்கு மார்க் போட்டியா, போண்டாவுக்குப் போட்டியா?" என்று சேகரிடம் பாய்ந்தேன்.

"அவர் என்னை மனுஷனா மதிக்கிறார்டா," என்றான். அது பொய்யில்லை. கோபம் மட்டும் அடங்கவில்லை.

இனிமேல் பயிற்சி டாக்டர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று சங்குக்கு உத்தரவு வந்தது. "ரெண்டு மார்க் எவன் போட்டது? அவ்வளவு நான் எங்க சொல்லிக்குடுத்தேன்?" என்று அதற்கும் கத்தினார்.

மறுநாள் வார்டில் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"சுவரே, இந்தம்மா காலை அமுக்கிப் பாரு. குழி விழுதா? அப்ப நெஞ்சுல ஸ்டெத்தை வை. என் வாயைப் பாக்காத."

சுவரோடு பேசக்கூடாது என்று உத்தரவில் இல்லையே. நோயாளிகள் சிரித்தார்கள். நாங்கள் வாசலருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். சேகர் மட்டும் மெல்ல உள்ளே போய், அந்தச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றான்.

சங்கு அவன் முகத்தைப் பார்த்தார்.

"சுவரே, கொஞ்சம் கிட்ட வாப்பா," என்றார். அந்தக் குரல் மெதுவாக ஒலித்து நாங்கள் கேட்டது அன்றுதான்.