எம்.பி. மாமா ஆன கதை

பிள்ளைகளே, முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எம்.பி. இல்லை. எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. டில்லியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சாப்பாட்டு மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு, "எம்.பி. மாமா, இன்னைக்கு என்ன குழம்பு?" என்று ஓடி வருகிறீர்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையைப் பள்ளி ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி டீச்சர் கேட்டார். பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு முறை எழுதியவன் நான் (இரண்டு முறையும் கணக்கு என்னைக் கைவிட்டது). பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும். கதையில் மட்டும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கு என் மானமாவது மிஞ்சியிருக்கும்.

சின்னக்கானலுக்கு மேலே, எங்கள் எஸ்டேட்டில் அப்போது ஒரு தேயிலை ஃபேக்டரி ஓடிக்கொண்டிருந்தது. இலையைக் காயவைக்கும் மிஷின் பக்கத்தில் பதினாறு வருடம் நின்றேன். பிறகு அதை மூடிவிட்டு, கொழுந்தை லாரியில் வேறு இடத்துக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். என் வேலை போயிற்று. அதே மாதம், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் மனைவி ஜெயமேரிக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்கு அவள் குடையும் நோட்டுமாகக் கிளம்புவாள். நான் மூன்றாம் வகுப்புப் படித்த எங்கள் மகள் ஸ்டெல்லாவுக்குத் தலை சீவி, பள்ளிக்கு அனுப்பிவிட்டு, உலை வைப்பேன்.

சமைப்பது எனக்குப் பிடித்துப்போனது. வெளியே சொல்லத்தான் வெட்கம். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் பத்து வீடும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் பத்து வீட்டிலும் கேட்கும். அதனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் தாளிப்பேன். யாராவது தட்டினால் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மேரி காலைலயே வச்சிட்டுப் போயிட்டா" என்பேன். (பின்னால் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்.) அதைவிட ஒன்று என்னை அரித்தது. "உங்கப்பாவுக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் ஸ்டெல்லா தரையைப் பார்ப்பாள்.

இப்படி ஒரு வருடம் ஓடியது. ஒருநாள் அவள் பள்ளியிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு கொண்டுவந்தாள். 'புதன்கிழமை மாலை மூன்று மணிக்கு எம்.பி.டி.ஏ. கூட்டம். தவறாமல் வரவும்.'

"அம்மாகிட்ட குடுக்கச் சொன்னாங்கப்பா" என்றாள்.

"என்கிட்ட குடுத்தா அம்மாகிட்ட குடுத்த மாதிரிதான்" என்று வாங்கிக்கொண்டேன்.

எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு டி.ஏ. என்றால் ஒன்றுதான், சம்பளத்தோடு சேர்ந்து வரும் பஞ்சப்படி. எம்.பி. யார் என்று சொல்லவே வேண்டாம். ஆக, எம்.பி. நேரில் வந்து டி.ஏ. பற்றிப் பேசப்போகிறார்! பேசி முடித்ததும் என் மனுவை அவர் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான். 'ஐயா, எந்த வேலை தந்தாலும் செய்வேன்' என்று எழுதி, 'எந்த' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். ஜெயமேரியிடம்கூட மூச்சு விடவில்லை. விஷயம் பரவினால் லயமே மனுவோடு வரும், என்னுடையது அடியில் போய்விடும். (எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்!)

எங்கள் பக்கம் பெரிய மனிதர்களுக்கு ஏலக்காய் மாலை போடுவது வழக்கம். கிறிஸ்துமஸுக்கென்று ஜெயமேரி டப்பாவில் ஒளித்து வைத்திருந்த ஏலக்காய் மொத்தத்தையும் நூலில் கோத்துவிட்டேன்.

புதன்கிழமை கல்யாணச் சட்டையை மாட்டிக்கொண்டு (மூச்சை உள்ளிழுத்தால் பொத்தான் தெறிக்கும்) பள்ளிக்குப் போனேன். இருபது, இருபத்தைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஆண்கூட இல்லை. எம்.பி.க்குப் பெண்கள் மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் புல்லரித்தது. முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன அந்தோணி, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்க?"

"பொறுங்கக்கா, இப்ப தெரியும்."

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. ஒரே ஓட்டம். இறங்கியவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மாலையைக் கழுத்தில் போட்டு, "எங்கள் எம்.பி. வாழ்க! டி.ஏ.வை உயர்த்து!" என்று கத்தினேன்.

அவர் மாலையை முகர்ந்து பார்த்தார். "நல்ல வாசமா இருக்குண்ணே. அது இருக்கட்டும், அரிசிய எங்க எறக்க?"

பள்ளிச் சமையலுக்கு அரிசி கொண்டுவந்த ஜீப் டிரைவர்!

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை ஓடி வந்தார். அவர் பேசுவது மலையாளம் கலந்த தமிழ். "அந்தோணி சேட்டா, இது மதர் பி.டி.ஏ. ஆணு!"

'ஆணு' என்றால் மலையாளத்தில் 'ஆகும்' என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த சொல்தான். பதற்றத்தில் அதுவும் மறந்துபோனது. "ஆமா டீச்சர், ஆணுதான்" என்றேன்.

"அதாவது, அம்மாமாருக்கு மட்டும் உள்ள மீட்டிங்!"

"ஏ அந்தோணி, நீ எப்பய்யா அம்மாவான? எங்ககிட்டச் சொல்லவே இல்லையே!" என்றார் மரியபுஷ்பம் அக்கா. கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்திலிருந்து பூட்ஸ் காலோடு ஜெயமேரி வந்து நின்றாள். அழைக்கப்பட்ட அம்மா அவள்தானே! வேலையிடத்தில் மற்ற அம்மாக்கள் சொல்லித் தெரிந்திருக்கிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை. டிரைவர் கழுத்தைத்தான் பார்த்தாள்.

"அது எங்க வீட்டு ஏலக்காயில்ல?"

எம்.பி.க்காக எழுதிய மனு என் கையில் அப்படியே இருந்தது. தலைமை ஆசிரியை அதை வாங்கிப் படித்தார். அடிக்கோடு போட்ட இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "சமையல் பண்ணும் சேச்சி போன வாரம் நின்னு போயாச்சு. குட்டிகள், நம்ம பிள்ளைகள், ரொட்டி தின்னுது. ஆளு கிட்டாதே இருக்கு. அதுக்குத்தான் இந்த மீட்டிங்." என் பக்கம் திரும்பினார். "எந்த வேலையும் செய்யும்னு எழுதியிருக்கே. சமையல் அறியுமோ?"

எந்த வேலையும் செய்வேன் என்று எழுதியவன், வேலை கிடைக்கிற நேரத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயோ, இல்ல டீச்சர்! வீட்ல எல்லாம் மேரிதான்…"

"பொய் டீச்சர்" என்றாள் ஜெயமேரி. குரலில் கோபம் இல்லை. "ஒரு வருசமா எனக்குச் சோறு போடறது இவருதான். மழையில நனைஞ்சு வந்தா ரசம் சூடா இருக்கும். நான் வச்சாக்கூட அப்படி வராது."

தலைமை ஆசிரியை விடவில்லை. "அறுபது குட்டிகளுக்கு சாம்பார்னா பருப்பு எத்தற வேணும்?"

"பருப்பு பழசா புதுசா டீச்சர்? பழசுன்னா முதல்லயே ஊறப்போடணும். இல்லாட்டி இந்தக் குளிருக்கு சாயங்காலம் வரைக்கும் வேகாது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கதவச் சாத்திக்கிட்டு இதத்தான் படிச்சியாக்கும்!" என்றார் மரியபுஷ்பம் அக்கா. "டீச்சர், இவனையே போடுங்க. எங்க வீட்டுக்குத் தெனமும் வாசம் மட்டுந்தான் வருது. எம் பேரனுக்காவது குழம்பு கிடைக்கட்டும்."

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். டிரைவர் மாலையைத் திருப்பிக் கொடுத்திருந்தார். முதல் நாள் பாயசத்தில் அந்த ஏலக்காய்தான் விழுந்தது (கிறிஸ்துமஸ் கேக் அந்த வருடம் வாசமில்லாமல் போனது, அது வேறு கதை). சாப்பிட்டு முடித்த ஸ்டெல்லா, பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "இது எங்கப்பா வச்சது" என்றாள். தரையைப் பார்க்கவில்லை.

ஸ்டெல்லா இப்போது நர்ஸிங் படிக்கிறாள். ஜீப் டிரைவர் இன்றைக்கும் அரிசியை இறக்குமுன் என் எதிரே வந்து மாலைக்குக் கழுத்தை நீட்டி நிற்கிறார். அந்தச் சீட்டில் 'மதர்' என்று முழுதாக எழுதாமல் ஒற்றை எழுத்தோடு நிறுத்திய கை யாருடையதோ, அந்தக் கைக்கு நான் தினமும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

ஜெயமேரிக்கு அடுத்த வருடம் ஓய்வு. போன வாரம் ரசம் குடித்துக்கொண்டே, "ஏங்க, அதுக்கப்புறம் உங்க அடுப்படியில எனக்கு ஏதாச்சும் வேலை இருக்குமா?" என்று கேட்டாள்.

"மனு எழுதிக் குடு. எம்.பி. பாத்துச் சொல்வார்" என்றேன்.

"எழுதறேன். மாலைக்கு மட்டும் நம்ம வீட்டு ஏலக்காயத் தொட மாட்டேன்" என்றாள்.