கள்ளாட்ட டாக்டர்

கள்ளாட்டம் ஆடுவதில் எங்கள் டாக்டரை மிஞ்ச மலேசியாவின் இந்தக் குளுவாங் ஊரில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. தொழில் என்னவோ குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் மனநல வைத்தியம். அவரிடம் பதினோரு ஆண்டு தாதியாக, எங்கள் ஊர்ப் பேச்சில் 'மிஸ்ஸி'யாக, இருந்தேன். 'கள்ளாட்ட டாக்டர்' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். சொந்தப் பெயரை மருந்துச் சீட்டில் பார்க்கலாம், படிக்கத்தான் முடியாது.

ஒருமுறை மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். நாற்காலியில் டாக்டர் இல்லை. மேசைக்கடியில் இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன, ஒரு ஜோடி சின்னப் பையனுடையது.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க லா. இவரு வெளிய வர்றதா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணல" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அதிகாரி நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பிறகு பக்கத்து ஊரான பாலோவிலிருந்து ஒரு லோரி டிரைவர் தன் எட்டு வயது மகளைக் கூட்டி வந்தார். வீட்டில் ஓயாமல் பேசும் பிள்ளை, வீட்டு வாசலைத் தாண்டினால் ஊமை. பள்ளியில் ஒரு வருடமாக ஒரு வார்த்தை இல்லை. வேறு பள்ளி பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாம்பும் ஏணியும் அட்டையை விரித்தார். பகடையில் நான்கு விழுந்தால் ஆறு கட்டம் நகர்ந்தார். அவள் நான்கு விரலைக் காட்டி முறைத்தாள். "எனக்குக் கண்ணு சரியில்லம்மா" என்றார். அடுத்த வாரம் அவளே அவர் காயைப் பிடுங்கிப் பின்னால் வைத்தாள்.

நான்காவது வாரம் அப்பா வெடித்துவிட்டார். "டாக்டர், நான் லீவு போட்டுட்டு வர்றேன். நீங்க ஒரு கேள்விகூட கேக்கல. இந்த விளையாட்ட நாங்க வீட்லயே விளையாடிக்குவோம்!"

"அண்ணே, எல்லாரும் கேள்வியா கேட்டுத்தான் அவ வாய மூடிக்கிட்டா. இன்னும் ரெண்டு வாரம் தாங்க."

மறுவாரம் டாக்டரின் காய் பெரிய பாம்பின் வாயில் விழுந்தது. மனிதர் கூச்சமே இல்லாமல் அதைத் தாண்டி வைத்தார்.

"அலமாக்! டாக்டர், பாம்பு கடிச்சிருச்சு! கீழ எறங்குங்க!"

அவள் குரல் முன்கூடம் வரை கேட்டது. வெளியே நின்ற அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். உள்ளே டாக்டர், ஒன்றுமே நடக்காததுபோல, "சரி, எறங்குறேன்" என்று இறங்கினார். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, "மிஸ்ஸி, கேட்டுச்சா?" என்றார். உடனே ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆறு மாதத்தில் பள்ளியிலிருந்து ஒரு புகார்க் கடிதம்: வகுப்பில் அரட்டை தாங்கவில்லையாம். அப்பா கொண்டுவந்து கொடுத்த அதை டாக்டர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் மாப்பிள்ளை மாதிரி நடந்தார்.

போன வருடம் ஓய்வு பெற்று மூவாருக்குப் போய்விட்டார். இப்போது புது டாக்டர். நல்லவர், கெட்டிக்காரர், பிள்ளைகளுக்கும் பிடித்திருக்கிறது. அவர்மேல் எனக்குத்தான் காரணமே இல்லாமல் ஒரு மாதம் கோபமாக இருந்தது.