மாமாவுக்கு இடுப்பு எங்கீங்க?

பொண்ணு பாக்கப் போற ஊட்டுல பஜ்ஜி திங்கலாம், காப்பி குடிக்கலாம், புரியாத கேள்விக்கெல்லாம் ஆமாங்கன்னு மண்டையாட்டலாம். ஷட்டில் மட்டும் ஆடக் கூடாதுங்க. நான் ஆடினேன். மூணு வருசமாச்சு, எங்கூட்டுல இன்னும் சிரிச்சு முடியலை.

எனக்கு அப்ப இருபத்தி மூணு வயசு. பத்தாவதோட ரெண்டு தடவை மோதி, ரெண்டு தடவையும் பத்தாவதே ஜெயிச்சிருச்சு. ஆனா பேட்டைப் புடிச்சா எங்கூரு கொழிஞ்சாம்பாறையில என்னை அடிக்க ஆளில்லை. (மொத்தம் ஆறு பேருதான் ஆடுவோம். அதுல ரெண்டு பேருக்குக் கண்ணு சரியாத் தெரியாது.)

பொண்ணுக்கு ஊரு பெருமாட்டி. பேரு சரசு. சித்தூர் பஸ்ஸுல நான் முன்னாலயே பாத்திருக்கேன். சீட்டு மேல காலை நீட்டி உக்காந்திருந்த ஒரு தடியனைப் பாதி தமிழ்லயும் பாதி மலையாளத்துலயும் அவ வாங்கின வாங்குல, கட்டினா இவளைத்தான்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். அதனால அன்னைக்கு அம்மா சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேன்.

"டேய், உன்ற வாயாலதான் முன்னால பாத்த ரெண்டு எடமும் போச்சு. சரசோட அப்பா நெம்பக் கோவக்காரரு. எதுத்து ஒரு வார்த்தை வந்துச்சு, உன்னை அங்கயே உட்டுட்டு நான் மட்டும் பஸ் ஏறிருவேன்."

சரசோட அப்பா மாரப்ப மாமா நல்ல உருண்டையான ஆளு. தோட்டம் வெச்சிருக்கறவங்க எல்லாரையும் போல வேட்டிக்கு மேல அகலமா ஒரு பச்சை பெல்ட். ஆனா தொப்பை கீழ எடம் குடுக்காததால, அது நெஞ்சுக்கு நாலு வெரல் கீழ போயி நின்னுச்சு.

காப்பி முடிஞ்சதும் கேட்டாரு. "மாப்ளெ, ஷட்டில் ஆடுவீங்களாமா?"

"ஏதோ ஆடுவேனுங்க."

களத்துல ரெண்டு தென்னை மரத்துக்கு நடுவுல வலை தயாரா இருந்துச்சு. சொந்தபந்தம், ஒறம்பரயெல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டாங்க. சரசு சமையக்கட்டு ஜன்னல்ல நின்னா.

மொத சர்வீஸ் மாமாவோடது. இறகுப் பந்தை நெஞ்சுக்கு நேராப் புடிச்சு, செவுத்துப் பல்லியை அடிக்கறாப்பல ஒரே போடு. சர்வீஸுன்னா இடுப்புக்குக் கீழ வெச்சு அடிக்கோணுமுங்க. இது சர்வீஸ் இல்லை, அடிதடி.

எனக்கு நாக்கு அரிச்சுது. அம்மா மொறைச்சாங்க. அடுத்ததும் பல்லியடிதான், அதுக்கடுத்ததும் பல்லியடிதான். கடைசில, கையிருப்புல இருந்த மரியாதையை மொத்தமா எடுத்துக் கொட்டிச் சொன்னேன்.

"ஏனுங்க மாமா, சர்வீஸ் நெம்ப நல்லா இருக்குதுங்க. எங்கூர்ப் பக்கம் மட்டும் இடுப்புக்குக் கீழ அடிக்கறதுன்னு ஒரு பழக்கமுங்க. உங்களுக்குத் தோதுப்பட்டா பாருங்க."

"நானும் இடுப்புக்குக் கீழதான மாப்ளெ அடிச்சேன்?" பெல்ட்டைத் தட்டிக் காமிச்சாரு. "பெல்ட் இருக்கற எடந்தான இடுப்பு?"

"ஆமாங்க."

சொன்னது தப்பாப் போச்சு. அடுத்த சர்வீஸுக்கு முன்னால பெல்ட்டைப் புடிச்சு மேல ஒரு இழுப்பு இழுத்தாரு. அதுக்கப்பறம் சர்வீஸுக்கு சர்வீஸ் அவரு இடுப்பு ஏறிக்கிட்டே போச்சு. அக்குள்கிட்ட வந்துருச்சு. சுத்தி நின்ன தோட்டத்து ஆளுக, "பண்ணாடி அடிச்சா அடிதான்"னு மொதலாளிக்குக் கை தட்டறாங்க.

ஜன்னல்ல சரசு சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. அங்கதான் எனக்குக் கெரகம் புடிச்சுது.

"சாரமில்லைங்க மாமா, பரவால்லைங்க, நானும் சரி பண்ணிக்கறேனுங்க"ன்னு வேட்டியை நெஞ்சுக்கு மேல ஏத்திக் கட்டினேன். (தப்பை மரியாதையா எடுத்துக் காட்டறேனாமா!) வாய்க்கால்ல குளிக்கப் போற பொம்பளையாட்ட, முட்டிக்கு மேல காலு தெரிய நின்னுக்கிட்டுக் கழுத்து ஒசரத்துல இருந்து ஒரு சர்வீஸ் போட்டேன். பந்து நேராப் போயி மாமா நெத்தியில உக்காந்து எந்திரிச்சுது.

அம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டாங்க. கூட வந்த தரகர் செருப்பை மாட்ட ஆரம்பிச்சுட்டாரு.

"என்னங்க தம்பி, நக்கலா?"ன்னாரு மாமா. ஒரே சர்வீஸ்ல மாப்ளெ போயி தம்பி ஆயிட்டேன். "மொதல்ல அந்த வேட்டியை எறக்குங்க."

எறக்கினேன். சரசு போச்சுன்னு தெரிஞ்சுது. ஊரையே நக்கலடிக்கற வாயி, ஒரு மன்னிப்புக் கேக்கறதுக்குத் தொறக்க மாட்டேங்குது.

அப்ப ஊட்டுக்குள்ள இருந்து சரசு வந்தா.

"அப்பா, அவுரு அடிச்சதும் ஃபால்ட், நீங்க அடிச்சதும் ஃபால்ட். இதைச் சொன்னேன்னுதான என்ற கூட ஆடறதையே உட்டீங்க?" அவரு கையில இருந்த பேட்டை வாங்கிக்கிட்டு என்னைப் பாத்தா. "வாங்க. வேட்டியை இறுக்கிக் கட்டிக்குங்க."

அவ சர்வீஸ் தொடைகிட்டக் கெளம்பி, வலையை ஒரசிக்கிட்டு எறங்குச்சு. குத்தம் சொல்ல நூலளவு எடமில்லை. கொழிஞ்சாம்பாறை சாம்பியன் களம் பூரா ஓடினேன், ஒரு பாயிண்ட் தேறலை. கடைசிப் பந்துக்குப் பாஞ்சு, ஒறம்பர கழட்டி உட்டிருந்த செருப்புக் குவியல் மேல குப்புற உழுந்தேன்.

மாமாவே வந்து தூக்கி உட்டாரு. அந்த மூஞ்சில அப்படியொரு சந்தோசம்!

"என்னையும் இப்படித்தான் மாப்ளெ ஓட உடுவா. வெளிய சொன்னா மானம் போவுதேன்னு இத்தனை நாளு தனியாக் கெடந்தேன். இப்பத்தான் தொணைக்கு ஒரு ஆளு கெடைச்சுது."

மறுபடி மாப்ளெ ஆயிட்டேன். தரகர் செருப்பைக் கழட்டிட்டு உக்காந்தாரு. சம்மதமான்னு சரசைக் கேட்டாங்க.

"சர்வீஸ்தான் தெரியலை. அதை நான் சொல்லிக் குடுத்துக்கறேன்"னா.

கல்யாணப் பந்தியிலயே கதை ரெண்டு ஊருக்கும் போயிருச்சுங்க. போன மாசம் பெல்பாட்டம் தெக்கலாம்னு சரசையும் கூட்டிக்கிட்டு டெய்லர் கடைக்குப் போனேன். டேப்பைக் கையில புடிச்சுக்கிட்டு, மூஞ்சில சிரிப்பே காட்டாம அந்தாளு கேக்கறான்.

"ஏனுங்க, நம்மூர் இடுப்பு வெக்கறதுங்களா, பெருமாட்டி இடுப்பு வெக்கறதுங்களா?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள சரசு சொல்லிட்டா.

"ரெண்டுக்கும் தோதா வெய்யுங்கண்ணா. ஞாயித்துக்கெழமை எங்கப்பா ஊட்டுக்குப் போவோணும்."