சமையல் மேடையும் என் முதுகும்

தை பிறப்பதற்குள் என்னை நிமிர்த்தியே தீருவது என்று என் வீட்டுக்காரர் ஆனந்தகுமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கழித்து என் முதுகு அவர் கண்ணில் பட்டிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

நான் கேட்டது முதுகை இல்லை, மேடையை. மந்தைவெளியில் எங்கள் வீட்டுச் சமையல் மேடை என் மாமியார் உயரத்துக்குக் கட்டினது. அவர் என் தோள்கூட வரமாட்டார். அந்த மேடையில் கழுத்தைத் தொங்கப் போட்டு வெங்காயம் நறுக்கியே என் காலம் போய்விட்டது. சாயங்காலம் ஆனால் இடுப்பில் யாரோ ஆணி அடிப்பது போல இருக்கும்.

"என்னங்க, மேடையை ஒரு நாலு அங்குலம் உசத்திடலாங்க."

"அது அம்மா நின்ன மேடை."

"அம்மா நின்னாங்க. நான் தொங்கறேன்."

"மேடைமேல தப்பில்ல தேவானை. நீ நிக்கறதுதான் தப்பு. போன்ல பார்த்தேன்."

போனில் பார்த்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. மறுநாளிலிருந்து மணிக்கொரு தடவை அவர் போன் அலறும். சோபாவில் இறால் மாதிரி சுருண்டு கிடந்தபடியே கத்துவார். "காது, தோள், இடுப்பு! மூணும் ஒரே கோட்டுல இருக்கணும்!" தலையில் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு கூடத்தில் நடக்கவிட்டார். குப்பை வாங்க வந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, ஏதாவது வேண்டுதலா என்று கேட்டாள். கடைக்குப் போனால் இரண்டு கையிலும் சம எடை இருக்க வேண்டுமாம். ஒரு கையில் இரண்டு கிலோ வெங்காயம் என்றால் இன்னொரு கையில் இரண்டு கிலோ பூசணிக்காய். ஒரு மாதம் பூசணிக்காய்க் கூட்டு சாப்பிட்டோம். எந்தப் பையையும் அவர் தூக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அவரும் ஒரு வேலை செய்வார். காலையில் ஐந்தரைக்கு டிகாஷன் இறக்கிக் காபி போட்டு, எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுப்பார். அந்த ஒரு டம்ளருக்காக மீதி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

என் கூனுக்கு மேடை மட்டும் காரணமில்லை. பெண் பார்க்க வந்த அன்று கதவிடுக்கில் மாப்பிள்ளையைப் பார்த்த என் அம்மா பதறிப்போனாள். "நீ ரெண்டு விரக்கடை ஒசரம்டீ! காபி குடுக்கும்போது கொஞ்சம் வளைஞ்சு நில்லு." வளைந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், சொன்னதைச் செய்யத்தான் தெரியும். எப்போது நிமிரலாம் என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் உண்மையாகவே நிமிர்ந்துவிட்டேன். முதலில் கண்டுபிடித்தவர் எனக்கு ரவிக்கை தைக்கும் மாடி வீட்டு ஹாஜிரா பீ.

"இன்னா தேவானை, முதுகாண்ட துணி மடிஞ்சிக்கினு கீது? உன் கூனுக்குன்னு ஒரு விரல் கூட விட்டுல்ல தைப்பேன். கூனு எங்க போச்சு?"

"அவரு எடுத்துட்டாருக்கா."

"நிமிர்ந்து அவர் பக்கத்துல நின்னு பார்த்தியா?"

"வீட்ல அவரு எங்க நிக்கறாரு?"

ஹாஜிரா பீ ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உன் நாத்தனார் புள்ள ரிசப்ஷன் வருதில்ல? போட்டோவுக்கு நின்னுதானே ஆவணும்? அங்க வெச்சுக் கேளு உன் மேடைய."

நிரஞ்சனின் ரிசப்ஷன் தி.நகரில். மொய்க் கவரும் கையுமாக ஒரு மணி நேரம் வரிசையில் நின்று மேலே ஏறினோம். மணமக்கள் பக்கத்தில் இவர், இவர் பக்கத்தில் நான். காது, தோள், இடுப்பு, மூன்றும் ஒரே கோட்டில்.

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். "சார், கொஞ்சம் நிமிருங்க."

"நிமிர்ந்துதான்பா நிக்கிறேன்."

"இன்னும் கொஞ்சம் சார். அம்மா மாதிரி நில்லுங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். இவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. உதடு அசையாமல் பேசினார்.

"தேவானை, கொஞ்சம் குனி."

"இடுப்பு வலிக்கும்னு போன்ல போட்டிருக்காங்க."

"ஒரே ஒரு போட்டோ."

"மேடை?"

"அம்மா நின்ன..."

"சார், நிமிருங்க சார்!" என்றார் போட்டோக்காரர். பின்னால் பந்திக்குப் பறந்துகொண்டிருந்த ஒரு மாமா, "சீக்கிரம்ப்பா, பாயசம் தீர்ந்துடும்" என்றார்.

"நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிடறேன். குனிஞ்சு தொலை."

குனிந்தேன். வெளிச்சம் அடித்தது.

சொன்னபடி கொத்தனார் வந்தார். நாலே நாளில் மேடை நாலு அங்குலம் உயர்ந்தது. கையைக் கல்மேல் வைத்துப் பார்த்தேன். முதுகு வளையவில்லை. அழுகை வந்தது.

பத்து நாள் கழித்துப் போட்டோ வந்தது. அவர் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அதில் அவர் தளபதி மாதிரி நிற்கிறார். பக்கத்தில் நான், கம்மலைக் கீழே தொலைத்துவிட்டுத் தேடுபவள் மாதிரி. நான் நிமிர்ந்து நிற்கும் போட்டோ இந்த உலகத்தில் ஒன்றுகூட இல்லை. அன்று ஒன்று எடுத்திருப்பார்கள். அதைக் கல்லுக்கும் சிமெண்டுக்கும் கொடுத்துவிட்டேன். பெருக்கும்போது அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

போனால் போகிறது, மேடையாவது இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் சிமெண்டு காய இரண்டு வாரம் விட்டு, அந்த மேடையில் அடுப்பு மூட்டிய முதல் நாளே ஒன்று நடந்தது. மணி ஆறாகியும் காபி வரவில்லை.

"என்னங்க, காபி?"

"மேடை ஒசந்துடுச்சே தேவானை. தோளைத் தூக்கிக்கிட்டுதான் டிகாஷன் ஊத்தணும். தோளைத் தூக்கினா கழுத்து போயிடுமாம். போன்ல பார்த்தேன்."

"ஒரு மணையைப் போட்டு நின்னுக்கங்களேன்."

"மணைமேல ஏறிக் காபி போடறதா? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க? நீதான் என்னைவிட ஒசரம். உன் ஒசரத்துக்குத்தானே கட்டினோம்."

இருபத்தேழு வருஷத்தில் அதை அவர் வாயால் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

இப்போது தினமும் ஐந்தரைக்கு, காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க, நிமிர்ந்து நின்று இரண்டு காபி போடுகிறேன்.